இகுவானா விழுற குளிர்லயும் ஃப்ளை ஃபிஷிங் நடக்குதே, எப்படி? ஃப்ளோரிடா குளிர்காலக் கடல் பத்தி ஒரு விளக்கம்

ஒவ்வொரு ஜனவரியும் ஃப்ளோரிடாவுல இருந்து ஒண்ணுக்கொண்ணு ஒட்டாத ரெண்டு செய்தி சேர்ந்தே வருது. குளிர்ல விறைச்சுப் போய் மரத்துல இருந்து இகுவானான்ற பெரிய பல்லி விழலாம், பாத்து நடங்கன்னு வானிலை ஆபீஸ் சொல்லுது (2020 ஜனவரி 21ல மயாமி தேசிய வானிலை சேவை நெஜமாவே இப்படி ஒரு அறிவிப்பு போட்டாங்க). அதே மாசம் அதே கடற்கரையில ஒருத்தர் அரை டவுசரோட முழங்கால் தண்ணில நின்னு ஃப்ளை ராடு வீசுற போட்டோவும் வருது. இதுல எது உண்மை, அங்க கடல் வெதுவெதுப்பா இருக்கா இல்ல மீன் செத்து மிதக்குற அளவுக்குக் குளிரா இருக்கான்னு கேட்டா, ரெண்டும் உண்மைதான், சில சமயம் நாலஞ்சு நாள் இடைவெளியில ரெண்டுமே நடக்கும். அது எப்படின்னு அடிப்படையில இருந்து பாக்கலாம்.

ஃப்ளை ஃபிஷிங்ல எடை எங்க இருக்கு

சாதாரண தூண்டில்ல இரையோ ஈயக்குண்டோ எடையா இருக்கும், வீசினா அதுதான் நரம்பை இழுத்துக்கிட்டுப் போகும். ஃப்ளை ஃபிஷிங்ல இது தலைகீழ். முள்ளுல இறகு, முடி, மினுக்கு இழை எல்லாம் கட்டி இறால் மாதிரியோ குட்டி மீன் மாதிரியோ செய்யுற பொய் இரைதான் ஃப்ளை, அதுல எடைன்னு சொல்லிக்க ஒண்ணும் இருக்காது. எடை முழுக்க லைன்ல, அதாவது அந்தத் தடிமனான நரம்புல இருக்கு. ராடுல 8 வெயிட், 10 வெயிட்னு போட்டிருக்கிறதும் லைனோட கணக்குதான். லைனோட முதல் 9 மீட்டர் சொச்சம் எவ்வளவு எடைன்றத வச்சு அந்த நம்பர் வருது, 8 வெயிட்னா சுமார் 13.6 கிராம். ரெட்ஃபிஷ், போன்ஃபிஷுக்கு 8, பெர்மிட்ன்ற மீனுக்கு 9 இல்ல 10, பெரிய டார்பனுக்கு 11 இல்ல 12ன்னு போவாங்க.

இதை முதல்லயே சொல்லக் காரணம் இருக்கு. லைன் தடிமனா இருக்கிறதால காத்து அதைப் பிடிச்சுத் தள்ளும், அதனால காத்துதான் இந்த ஆட்டத்துல முதல் எதிரி, குளிர்காலத்துல அதுக்குப் பஞ்சமே இல்ல. அடுத்தது, இதுல பாதி வேட்டை கண்ணால நடக்குது. மீனைப் பாத்து, அது போற திசைய பாத்து, அதுக்கு முன்னாடி ஃப்ளைய போடணும், மீனே இல்லாத தண்ணில குத்துமதிப்பா வீசிக்கிட்டு நின்னா கை வலிதான் மிச்சம். ஆக, மீன் அந்த ஆழமில்லாத இடத்துக்கு வருமா வராதான்றதுதான் மொத்த கேள்வியும், அதைத் தீர்மானிக்கிறது தண்ணியோட டிகிரி.

ஃப்ளாட்ஸ் ஏன் இவ்வளவு சீக்கிரம் குளிருது

கணுக்காலுக்கும் இடுப்புக்கும் நடுவுல ஆழம் இருக்கிற, புல்லோ மணலோ சேறோ அடியில இருக்கிற பரந்த கடல் தரைய ஃப்ளாட்ஸ்னு சொல்றாங்க. ஃப்ளோரிடா கீஸ் தீவுகளுக்கும் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்துக்கும் நடுவுல இருக்கிற ஃப்ளோரிடா பே (பேன்னா விரிகுடா) மொத்தமுமே சராசரியா ஒரு மீட்டர் ஆழம்தான். தட்டுல ஊத்தின சுடுதண்ணியும் குடத்துல இருக்கிற சுடுதண்ணியும் ஒரே நேரத்துல ஆறாதில்ல, அந்த கணக்குதான் இங்கயும். மேல்பரப்பு வழியா ஒரே அளவு சூடு வெளிய போனா, 30 சென்டிமீட்டர் தண்ணி 3 மீட்டர் தண்ணிய விட பத்து மடங்கு அதிகமா டிகிரி இறங்கும்.

சூடு எப்படி வெளிய போகுதுன்றதும் முக்கியம். குளிர்ந்த காத்து பட்டதால மட்டும் தண்ணி குளிர்றதில்ல. வடக்க இருந்து வர்ற காத்து வறண்ட காத்து, அது தண்ணிய ஆவியாக்கி எடுத்துக்கிட்டே இருக்கும், ஆவியாகுற தண்ணி தன்னோட பெரிய அளவு சூட்டையும் தூக்கிட்டுப் போயிடும். ராத்திரி மேகம் இல்லாம வானம் தொடச்சு விட்ட மாதிரி இருந்தா அதுவழியா வேற வெப்பம் போகும். அதனாலதான் வெயில் பளிச்சுன்னு அடிக்கிற, பாக்க ரொம்ப அழகா இருக்கிற ஜனவரி நாள்ல தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும், மேகமூட்டமா அழுக்கா இருக்கிற நாள் மீனுக்கு சொகமா இருக்கும்.

இதுக்கு மறுபக்கமும் உண்டு, சீக்கிரம் குளிர்றது சீக்கிரம் சூடாகவும் செய்யும். கறுப்பு சேறும் புல்லும் இருக்கிற தரை வெயில உறிஞ்சும், மத்தியானத்துக்குள்ள அந்த தண்ணி பக்கத்து வெள்ளை மணல் திட்ட விட ரெண்டு மூணு டிகிரி அதிகமா இருக்கலாம். அதே நேரம் கீஸுக்குத் தெற்கே கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டம் ஓடுது, குளிர்காலத்துலயும் அது 24 டிகிரி கிட்ட இருக்கும். அதனால தீவுகளோட அட்லாண்டிக் பக்கம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், பே பக்கம் சீக்கிரம் விழுந்துடும், ரோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்ன்ற தூரத்துலயே ரெண்டு வேற கடல் இருக்கிற மாதிரி.

ஒரு கோல்ட் ஃப்ரண்ட் வந்து போற வரிசை

குளிர்காலம்னா மூணு மாசம் ஒரே மாதிரி குளிர் இல்ல அங்க. அமெரிக்கக் கண்டத்துல இருந்து குளிர்க்காத்து அலையலையா இறங்குது, அந்தக் காத்தோட முன்விளிம்புதான் கோல்ட் ஃப்ரண்ட், சாதாரணமா வாரத்துக்கு ஒண்ணுன்னு வச்சுக்கலாம், சில சமயம் அடிக்கடி. ஒவ்வொண்ணும் பெரும்பாலும் இந்த வரிசையில வரும்:

1. ஃப்ரண்ட் வர்றதுக்கு ஒரு நாள் ரெண்டு நாள் முன்னாடி காத்து தெற்கு, தென்கிழக்குல இருந்து அடிக்கும். ஈரமா, கதகதப்பா இருக்கும், தண்ணி சூடாகும். அந்த மாசத்துலயே நல்ல மீன்பிடி நாள் பெரும்பாலும் இதுதான். அரை டவுசர் போட்டோ வர்றதும் இங்க இருந்துதான்.

2. காத்து தென்மேற்கு, மேற்குன்னு கடிகார திசையில திரும்பும், மேகம் கட்டும், ஒரு மழை வரிசை கடந்து போகும்.

3. சட்டுன்னு வடமேற்கு, அப்புறம் வாடை. தண்ணி கலங்கும், வெப்பம் விழும். வாடை பே தண்ணிய தெற்கால தள்ளிவிடுறதால கல்ஃப் கரையிலயும் (மெக்ஸிகோ வளைகுடாப் பக்கம்) ஃப்ளோரிடா பேயிலயும் நீர்மட்டமே இறங்கிடும், சில திட்டுல படகு தரை தட்டும்.

4. அடுத்த ஒண்ணு ரெண்டு நாள் உயர் அழுத்தம், நீல வானம், விடியகாலைல உச்சக்குளிர். இகுவானா விழுற நாள் இது.

5. காத்து வடகிழக்கு, கிழக்குன்னு மெதுவா திரும்பி வெயில் வேலை செய்ய ஆரம்பிக்கும், தண்ணி ஏறும், மீன் திட்டுக்குத் திரும்பும், கொஞ்சம் மூச்சு விட்டதும் அடுத்த ஃப்ரண்ட் கிளம்பியிருக்கும்.

இதுல 4ம் கட்டம் நீண்டுக்கிட்டே போனாதான் ஆபத்து. ஒரு ராத்திரி குளிர மீன் தாங்கிடும், ஆழமான கால்வாய்க்குப் போய் ஒதுங்கிக்கும். வாரக்கணக்குல இழுத்தா அந்த கால்வாயும் குளிர்ந்துடும், அப்புறம் ஒதுங்க இடமில்ல.

பாரோமீட்டர் விஷயத்துல ஒரு சந்தேகம்

காத்தழுத்தம் இறங்கும்போது மீன் வெறிகொண்டு கடிக்கும், ஏறினா வாயை மூடிக்கும்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருக்காங்க. ஃப்ரண்டுக்கு முன்னாடி நல்லா கடிக்குதுன்றது சரி, ஆனா காரணம் அழுத்தம்தானான்னு கணக்குப் போட்டா இடிக்குது. ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்த மாற்றம் ஒரு சென்டிமீட்டர் தண்ணிக்கு சமம். ஒரு ஃப்ரண்ட்ல 10, 15 ஹெக்டோபாஸ்கல் மாறினா, மீன் ஒரு சாண் மேல கீழ நீந்தினா உணர்ற மாற்றம் அவ்வளவுதான், அலையில நாள் முழுக்க அதை விட அதிகம் பாத்துக்கிட்டேதான் இருக்கு. கூடவே வர்ற தெற்குக் காத்து, மங்கின வெளிச்சம், ஏறுற தண்ணி வெப்பம், இதெல்லாம்தான் வேலை செய்யுதுன்னு நினைக்கிறது நியாயமா படுது. அழுத்தத்துக்கு வேற ஒரு வழியில பங்கு இருக்கு: உயர் அழுத்தம் கடல் மட்டத்தையே கொஞ்சம் அமுக்கும், வாடை தண்ணிய தள்ளும், இது போக வருஷத்துல சராசரி கடல் மட்டம் அங்க குறைவா இருக்கிறதே ஜனவரி பிப்ரவரி வாக்குலதான், மூணும் சேர்ந்தா ஓத அட்டவணையில போட்டிருக்கிறத விட கணிசமா தண்ணி குறையும். முப்பது சென்டிமீட்டர் திட்டுல அது சின்ன விஷயமில்ல, அட்டவணைய மட்டும் நம்பிப் போனா சேத்துல படகோட அடுத்த ஏத்தத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

எந்த மீனுக்கு எத்தனை டிகிரி

மீன் குளிர் ரத்தப் பிராணி, தண்ணி எத்தனை டிகிரியோ அதுதான் அதோட உடம்பும். வெப்பம் பத்து டிகிரி இறங்கினா உடம்புக்குள்ள நடக்குற வேலை தோராயமா பாதியாகும். சாப்பிட்டது செரிக்க நேரமாகும், துரத்தத் தெம்பிருக்காது, பசியும் இருக்காது. ஆனா எல்லா மீனுக்கும் ஒரே கோடு கிடையாது.

ஸ்நூக் நம்ம கொடுவாவுக்குத் தூரத்துச் சொந்தம், வெப்பமண்டல மீன், ஃப்ளோரிடா அதோட வடக்கு எல்லை. தண்ணி 14, 15 டிகிரிக்கு வந்தா சாப்பிடுறத நிறுத்தும், 12, 13ல தள்ளாட ஆரம்பிக்கும், பத்தை ஒட்டி இறங்கி அங்கயே நின்னா சாவுதான். மீனோட சைஸ், எவ்வளவு வேகமா குளிர்ந்தது, எத்தனை மணி நேரம் நீடிச்சதுன்றத பொறுத்து இது ஒண்ணு ரெண்டு டிகிரி முன்னப்பின்ன ஆகும்.

டார்பனும் குளிருக்கு பயந்த சாதிதான். ஆக்ஸிஜன் கம்மியான தண்ணில மேல வந்து காத்தை விழுங்கி நீந்துபையால சுவாசிக்கிற அளவுக்குக் கெட்டி உசுரு, ஆனா குளிர்னா அந்தத் தெறமை உதவாது. தண்ணி 24 டிகிரிய ஒட்டி இருந்தாதான் திட்டுல உருண்டு விளையாடும். ஜனவரியிலயே நாலஞ்சு நாள் தொடர்ந்து கதகதப்பா இருந்தா கீஸ் பக்கம் பெரிய டார்பன் திடீர்னு தலை காட்டும், அடுத்த ஃப்ரண்ட்ல காணாம போயிடும்.

போன்ஃபிஷ் இருபதுக்குக் கீழ போனா திட்ட விட்டு ஆழத்துக்கு நகரும். ஆனா குளிர்காலம் அதுக்கு வேலையில்லாத காலம் இல்ல, முட்டையிடுற பருவமே அக்டோபர்ல இருந்து ஏப்ரல் வாக்குலதான். பஹாமாஸ்ல பௌர்ணமி அமாவாசைய ஒட்டி ஆயிரக்கணக்குல கூடி, ராத்திரி ஆழ்கடலுக்குப் போய் நூறு மீட்டருக்கும் கீழ முங்கி வருது. திட்டுல மீன் இல்லன்னா அது எப்பவும் குளிரால மட்டும் இல்ல.

ரெட்ஃபிஷ், ஷீப்ஸ்ஹெட், புள்ளி போட்ட ஸீட்ரவுட் எல்லாம் வேற ரகம், இதுங்க ஃப்ளோரிடாவத் தாண்டி வடக்கயும் வாழுறதால குளிர் கொஞ்சம் பழக்கம். குளிர்காலத்துல ஃப்ளை ராடு வச்சிருக்கிறவங்களுக்கு சோறு போடுறது ரெட்ஃபிஷ்தான்னு சொல்லலாம், தண்ணி வத்தினா கூட்டமா ஒரு குழியில சேந்துக்கும், தேட வேண்டிய இடமே குறைஞ்சுடும்.

இதுல பலர் கண்டுக்காத ஒண்ணு பாராகுடா. நம்ம ஷீலா இனம்தான், கோடையில ரீஃப் (பவளப்பாறை) பக்கம் திரியுற பெருசுங்க குளிர்காலத்துல திட்டுக்கு ஏறி வரும். நீளமான ஊசிமீன் மாதிரி ஃப்ளைய கட்டி, பல்லுக்கு அறுந்து போகாம இருக்க கம்பித் துண்டு சேர்த்து, வேகமா இழுத்தா துரத்திக்கிட்டு வரும். போன்ஃபிஷ் வராத நாள்ல ஏமாந்து திரும்புறதுக்கு பதில் இதைத் தேடலாம், ஆனா ஏனோ அதை ரெண்டாந்தரமா பாக்குறாங்க.

சூட்டைத் தேடிப் போற விதம்

மேல சொன்னதெல்லாம் சேத்துப் பாத்தா இடமும் நேரமும் தானா வந்துடும். சின்ன தெர்மாமீட்டர் ஒண்ணு கையில இருந்தா போதும், விலை உயர்ந்த ராடை விட அதுதான் உதவும்.

1. கோடையில விடியகாலை, குளிர்காலத்துல பத்து பதினோரு மணிக்கு மேல. சீக்கிரம் கிளம்பினா தூக்கம்தான் போகும்.

2. வடக்குக் கரைய ஒட்டின தண்ணி, அதாவது தெற்க பாத்து இருக்கிற மேங்க்ரோவ் (அலையாத்தி) ஓரம். மரம் வாடையத் தடுக்கும், தாழ்வா வர்ற வெயில் நேரா விழும். காத்து இல்லாததால வீசவும் சுலபம், மீனுக்கும் மனுஷனுக்கும் ஒரே இடம் தோதா அமையுறது அபூர்வம்.

3. ஓதம் ஏறுறது நல்லதா வத்துறது நல்லதான்னு பொதுவா சொல்ல முடியாது. ஃப்ரண்ட் போன மறுநாள் திட்டு குளிர்ந்து ஆழக்கடல் சூடா இருந்தா, ஏறுற தண்ணி சூட்டைக் கொண்டு வரும். நாலு நாள் வெயில் அடிச்ச அப்புறம் திட்டுதான் சூடா இருக்கும், அப்போ மத்தியானம் வத்துற தண்ணி அந்த சூட்டை கால்வாய் வாய்க்குக் கொண்டு வரும், மீன் அங்க நிக்கும்.

4. ரொம்பக் குளிர்னா ஸ்நூக் எவர்கிளேட்ஸ் உள்பக்க ஓடைகளுக்குள்ள, கறுப்புத் தண்ணி, சேத்துத் தரை இருக்கிற இடத்துக்குப் போயிடும். திறந்த கரையில தேடிப் பிரயோஜனமில்ல.

வெளிச்சமும் ஒரு கணக்கு. மயாமி பக்கம் ஜூன்ல உச்சி வெயில் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேல, டிசம்பர் 21ல நடு மத்தியானத்துலகூட தொடுவானத்துல இருந்து 41 டிகிரி உயரம்தான். சாய்வா வர்ற வெளிச்சம் தண்ணி மேல பளபளன்னு கண்ணாடி போட்டுடும், மீனைப் பாக்க முடியிற நேரம் ஒரு நாளைக்கு நாலஞ்சு மணி நேரமா சுருங்கிடும். போலரைஸ்டு கண்ணாடி இல்லாம போறது வீண். பதிலுக்கு ஒரு வசதி, மழையில்லாத பருவம்றதால தண்ணி கோடைய விட ரொம்பத் தெளிவா இருக்கும், ஆனா மீனும் நம்மள அதே தெளிவோட பாக்கும்ல.

லைன் ஏன் ஸ்பிரிங் மாதிரி சுருளுது

வெயில் காலத்துல பிரச்சனை இல்லாத செட்டு குளிர்ல ஏன் சொதப்புதுன்னு நிறைய பேர் குழம்புறாங்க. காரணம் லைனோட பூச்சு. வெப்பமண்டல லைன்ல உள்நரம்பும் மேல்பூச்சும் விறைப்பா இருக்கும், சூட்டுல குழைஞ்சு ஒட்டிக்காம இருக்கிறதுக்காக அப்படி செய்யுறாங்க. அதையே குளிர்ந்த காலையில எடுத்தா ரீல்ல சுத்தியிருந்த வளையம் அப்படியே நிக்கும், வீசும்போது சிக்கும், வளையத்துல தொங்குற லைன் நீளாததால மீன் தொட்டதும் கைக்குத் தெரியாது. வீசுறதுக்கு முன்னாடி கொஞ்சம் கொஞ்சமா இழுத்து நீட்டி விட்டா ஓரளவு சரியாகும். குளிர்தண்ணி லைனை வாங்கி மாட்டினா காலைல அருமையா போகும், ஆனா மத்தியானம் 27 டிகிரி வெயில்ல நூடுல்ஸ் ஆகிடும், ஃப்ளோரிடாவுல ரெண்டும் ஒரே நாள்ல வரும்றதுதான் தொல்லை. இதமான தண்ணிக்குன்னு வர்ற நடுத்தர லைன்தான் இதுக்கு சமாளிப்பு.

தெளிவான தண்ணிக்கு லீடர் (லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவுல கட்டுற மெல்லிய நரம்பு) நீளமா, மூணு மீட்டருக்கு மேலயே போகலாம். ஃப்ளை சின்னதா, மெதுவா அடியோட உரசிப் போற மாதிரி வேணும். பாப் கிளவுஸர் உருவாக்கின கிளவுஸர் மின்னோ இதுக்குத் தோது, தலையில இருக்கிற உலோகக் கண்ணு அதை அடிக்குக் கொண்டு போகும், முள்ளு மேல பாத்து இருக்கிறதால புல்லுல மாட்டாது. இழுக்குற வேகத்தப் பாதியா குறைச்சு, அப்புறம் இன்னும் கொஞ்சம் குறைச்சா சரியா இருக்கும்.

குளிர் எல்லை தாண்டினப்ப நடந்தது

2010 ஜனவரில 4ம் கட்டம் நீண்டு போச்சு, ரெண்டு வாரத்துக்குக் கிட்ட குளிர் விடவே இல்ல. ஃப்ளோரிடா பே தண்ணி பத்து டிகிரிக்குக் கீழ இறங்குச்சு. ஸ்நூக் கூட்டம் கூட்டமா செத்து மிதந்தது, டார்பன், போன்ஃபிஷும் செத்தது, கடலாமைங்க ஆயிரக்கணக்குல விறைச்சுப் போய் கரை ஒதுங்குச்சு, பேயில இருந்த குளிர்ந்த தண்ணி தீவுகளுக்கு நடுவுல வழிஞ்சு ரீஃப் பக்கம் போனதுல பவளமும் செத்தது. மாநில மீன்வளத் துறை ஸ்நூக் பிடிச்சு எடுத்துட்டுப் போறத நிறுத்தினாங்க. அட்லாண்டிக் பக்கம் அந்த செப்டம்பரே திறந்தாங்க, கல்ஃப் பக்கம் மட்டும் 2013 செப்டம்பர் வரைக்கும் மூடியே வச்சிருந்தாங்க. ரெண்டு வாரக் குளிருக்கு மூணரை வருஷத்துக்கு மேல தடை.

2021 பிப்ரவரில டெக்ஸாஸ்ல இதே மாதிரி. அந்த உறைபனில அங்க கரையோரம் குறைஞ்சது 38 லட்சம் மீன், 61 வகை செத்ததா மாநில வனவிலங்குத் துறை கணக்கு சொன்னாங்க. குளிர் பழகினதுன்னு மேல சொன்ன ஸீட்ரவுட்டும் அதுல சிக்குச்சு, லகூனா மாட்ரே மாதிரி ஆழமில்லாத இடத்துல ஓடி ஒளிய வழியில்ல.

பிடிச்சு விடுறதுல குளிர்காலம் நல்லதா

பொதுவா நல்லது. குளிர்ந்த தண்ணில ஆக்ஸிஜன் அதிகம் கரையும், கடல் தண்ணி 30 டிகிரில லிட்டருக்கு சுமார் 6 மில்லிகிராம் பிடிக்கும்னா 15 டிகிரில 8 பிடிக்கும். மீனோட தேவையும் கம்மி. அதனால 16ல இருந்து 20 டிகிரில பிடிச்ச ரெட்ஃபிஷ் கோடைய விட நல்லாவே தெளிஞ்சு போகும். கொக்கி நுனில இருக்கிற எதிர்முள்ள மடக்கிட்டு, கைய நனைச்சுக்கிட்டு, மீனை தண்ணிய விட்டு வெளிய பத்து செகண்டுக்கு மேல வைக்காம விட்டா போதும். ஃப்ளோரிடாவுல போன்ஃபிஷ் 2013ல இருந்து பிடிச்சா விட்டே ஆகணும், 40 அங்குலத்துக்கு மேல இருக்கிற டார்பனை தண்ணிய விட்டே தூக்கக் கூடாது.

ஆனா இந்த நல்லது ஒரு கோட்டோட நின்னுடும். 14 டிகிரிக்குக் கீழ ஸ்நூக் போராடி களைச்சா மீண்டு வர்றதுக்கு உடம்புல சக்தி இருக்காது. விறைச்சு மிதக்குற ஸ்நூக்க கையால அள்ளுறது சட்டப்படி தப்பு, அது தூண்டில்ல மட்டும்தான் பிடிக்கலாம், குளிர் மாசத்துல எடுத்துட்டுப் போகவும் தடை. விறைச்ச மீன்ல சிலது வெயில் ஏறினா எழுந்து நீந்திப் போயிடும், செத்ததுன்னு நினைச்சு எடுக்குறது சில நேரம் உசுரோட இருக்கிறதா இருக்கும்.

இப்போ ஒரு புது சிக்கல் சேர்ந்திருக்கு. குளிர்காலம் மெதுவா இதமாகிக்கிட்டு வர்றதால மேங்க்ரோவும் ஸ்நூக்கும் வடக்கால நகருது, முன்னாடி அரிதா இருந்த சீடர் கீ (ஃப்ளோரிடாவோட வடக்கு கல்ஃப் கரை) பக்கம் இப்ப ஸ்நூக் கூட்டமே இருக்கு. அந்தப் பக்கம் கரையோரம் ஃப்ரண்ட் வந்தா பத்துக்குக் கீழ சுலபமா போகும், அதுங்கள காப்பாத்துறது கிரிஸ்டல் ரிவர், ஹொமோசாஸா மாதிரி நிலத்தடி ஊத்து ஆறுங்கதான், வருஷம் முழுக்க 22 டிகிரி சொச்சத்துல தண்ணி வரும், கடல்பசு ஒதுங்குறதும் அங்கதான். குளிர் வாரத்துல மொத்த ஸ்நூக்கும் ஒரு சின்ன ஊத்துல நெருக்கி நிக்கும், கண்ணுக்கு நல்லா தெரியும். எடுத்துட்டுப் போகத்தான் தடை, பிடிச்சு விடத் தடை இல்ல, அதனால ஃப்ளை ராடோட அங்க போறவங்களுக்கு ஸ்நூக் விதியில சிக்கல் இல்ல. ஆனா வெளிய தண்ணி பத்து டிகிரியா இருக்கும்போது ஊத்துக்குள்ள ஒரே மீனை ஒரே நாள்ல நாலு பேர் பிடிச்சு விட்டா, ஒதுங்க இருந்த ஒரே இடத்துல இருந்தும் அதை விரட்டுற மாதிரிதான். அந்த மாதிரி வாரத்துக்கு மட்டுமாவது ஊத்துகள மூடி வைக்கலாம்.